மரை

ஜனவரி இரண்டாம் வாரம்
எங்களிடம் வந்துசேரும்
டிசம்பர் இருபத்துநான்கு.

வூச் நகரின் வடக்கோரம், குப்பை பிரிக்கும் கூடம்.
பெல்ட் ஓடுகிறது.
கிழிந்த தங்கத் தாளுக்கு அடியிலிருந்து
குரைத்துக்கொண்டே வந்தது ஒரு பிளாஸ்டிக் நாய்.
ஒரு கால் இல்லை. மிஞ்சிப்போனால் பதினெட்டு நாள் வயது.
நிறுத்தும் பொத்தானைத் தடவித் தேடினேன்,
அதற்குள் ஸ்பிஷெக் பக்கம் போய்விட்டது.
எரிக்கும் தொட்டியில் எறிந்தான்.
நாங்கள் சாப்பிடப் போகும்வரை
உள்ளே கிடந்து குரைத்தது.

மாதக் கடைசியில் தோபியாஷுக்கு ஏழு வயது.
அண்ணன் மகன்.
பொம்மைக் கடையில் எந்தப் பெட்டியைத் தூக்கினாலும்
தெரிந்த முகம்.
இது பிப்ரவரியில் வரும், இது ஈஸ்டருக்குள்,
இது பெட்டியோடு அப்படியே.
வெளியே வந்துவிட்டேன்.
எதிர்ச்சாரி இரும்புக் கடையில்
ஒரு திருப்புளி வாங்கினேன்.
பீச் மரப் பிடி, எஃகுத் தண்டு,
கையில் வைத்தால் வைத்தது தெரிகிற கனம்.

பையன் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு
யாரோ தந்த ரோபோவிடம் ஓடினான்.
சமையலறையில் கமிலாவின் தாழ்ந்த குரல்:
"உன் தங்கச்சிக்கு மரை கழண்டுடுச்சு, ரடெக்.
குப்பையிலேயே நின்னு நின்னு."
சுவர் மெலிது.
நான் கேக்கைத் தின்றேன்.

நான்காம் நாள் ரோபோ ஊமையானது.
ரடெக் போனில் சொன்னான்:
திருப்புளியோடு கால்மணி நேரம்
புரட்டிப் புரட்டிப் பார்த்தானாம்.
ஒரு மரைகூட இல்லை.
பசை போட்டு ஒட்டிய வயிறு,
திறக்கவே கூடாதென்று செய்தது.
அழவில்லையாம்.
எழுந்துபோய் நாற்காலியைக் கவிழ்த்தானாம்.
ராத்திரிக்குள் நான்கு நாற்காலியும் ஆட்டம் நின்றன,
அலமாரிக் கீல் முனகலை விட்டது,
வாணலிப் பிடி இறுகியது,
ரேடியோவின் முதுகு திறந்துவிட்டது, மூடத்தான் தெரியவில்லை.
இதைச் சொல்லும்போது
கமிலா பின்னால் கத்துவது கேட்டது.

மார்ச். பனி உருகித் தெருவெல்லாம் சேறு.
என் வீட்டுக்கு வந்தான் தோபியாஷ்,
கயிறு அவிழ்க்காமல் பூட்ஸை உதறினான்,
கோட்டுப் பையிலிருந்து அதை எடுத்தான்.
பிடியின் பளபளப்பெல்லாம் போய்
ஜாமும் அழுக்கும் ஏறியிருந்தது.
என்னை ஒருமுறை சுற்றி வந்தான்.
பின்கழுத்தை உற்றுப் பார்த்தான்.

"எங்கே, அத்தை?"

"எதுடா?"

"உனக்குக் கழண்டது. அம்மா சொன்னாங்க.
நான் இறுக்கித் தர்றேன்."

ஸ்டூலில் உட்கார்ந்து
தலையைக் குனிந்து கொடுத்தேன்.
காதுக்குப் பின்னால் சில்லென்று எஃகு பட்டது.
வலப்பக்கமாகத்தான் திருகணும் என்றான், மூச்சு வாங்கியபடி.
ஒரு சுற்று. இரண்டு.

போதும்டா என்றேன்.
ரொம்ப இறுக்கிடாதே,
கொஞ்சம் ஆடட்டும்.