தொழில்நுட்பத் தொடர்பாளர்

செட்டிகுளம் ஜங்ஷனில், பேக்கரிக்கு மேலே, இரண்டாம் மாடி.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக
ஆடிக்காற்று இறங்கும் மாதங்களில்
மொட்டைமாடி டிஷ் அரை விரற்கடை திரும்பிவிடும்.
அந்த அரை விரற்கடைக்கு
நாகர்கோவில் உலகத்தில் இல்லை.

பதிவு மேசை என்னுடையது.
காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை.
உதவிக்குப் போன் செய்கிறவர்களிடம்
முதலில் கேட்பேன்: பிளக் சொருகியிருக்கா?
அடுத்து: நல்லா பாத்தீயளா?
பத்தில் ஆறு பேர் அதோடு வைத்துவிடுவார்கள்,
நன்றி சொல்லாமல்.

விண்ணப்பம் நாலு பக்கம்.
பெயர் எட்டெழுத்துக்குள் வேண்டும்,
இங்கிலீஷில், இடைவெளி விடாமல்.
இரணியலுக்கு எந்த ணகரம் என்று
மெஷின் கேட்காது.
மார்த்தாண்டம் அடங்கவில்லை,
வால் அறுத்துப் பதிந்தோம்.
குளச்சல் அளவெடுத்துத் தைத்த சட்டை,
சரியாக எட்டு.

குமரி என்ற பெயருக்கு மட்டும் பதினேழு பேர்.
முந்தி வந்தவருக்கே பெயர் என்பது சட்டம்.
ரப்பர் சொசைட்டிக்காரர்
குலசேகரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார்.
முட்டம் மீனவர் சங்கச் செயலாளர் சூசைநாயகம்
அதற்கும் முந்தியே வந்து
படிக்கட்டில் உறங்கிக்கொண்டிருந்தார்.
'உறங்குறவனுக்கு என்ன சார் வரிசை?'
சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
உறக்கத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு ஆள் காட்ட வேண்டும்.
நிர்வாகத் தொடர்பாளர் கையெழுத்துப் போடுவார்.
தொழில்நுட்பத் தொடர்பாளர்
நடுராத்திரி கூப்பிட்டாலும் எழுந்து வருவார்.
படிவம் அப்படித்தான் நம்புகிறது.

பெயர் யாருடையது என்று
யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.
ஆள், விலாசம், போன் நம்பர்,
கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.
எதற்கு என்று நான் கேட்கக் கூடாது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்.
நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு
ஒருத்தி வந்தாள். ஜெஸ்லெட் என்றாள்.
பெயர் பதிய வரவில்லை.
'கருங்கல் காலேஜுக்கு எழுதியிருக்குல்லா ஒரு பேரு,
அதுக்கு டெக்னிக்கல் ஆளு யாருன்னு பாக்கணும்.'

தட்டினேன்.
கேள்வி எங்கெங்கோ போய்த் திரும்பும்வரை
கர்சர் ஒரே இடத்தில் நின்று துடித்தது.
பிறகு பச்சை எழுத்தில், வரி வரியாக:
ம. பெர்க்மான்ஸ்.
தபால் பெட்டி எண், மஸ்கட்.
கடைசியாகத் திருத்தியது ஆகஸ்ட் ஒன்பது.

அவள் விரல் விட்டு எண்ணினாள்.
'ஆகஸ்ட் ஒம்பதா?
மெட்ராஸ்ல டிரெய்னிங்னுதான சொன்னாவ...
பிள்ளைக்கு அண்ணைக்குத்தான் முதக் குளிப்பாட்டு.'

விலாசம் மாறினால் ஏழு நாளைக்குள்
மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.
அவர் இரண்டே நாளில் தெரிவித்திருந்தார்.
பிழையில்லாத படிவம்.
ஒரு கட்டம்கூட விடுபடவில்லை.
அன்று சக ஊழியரிடம் காட்டி
இப்படி நிரப்பணும் என்று
மெச்சியது நான்தான்.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
நம்பரை எழுதிக்கொண்டாள்.
ஒன்பதா ஏழா என்று ஓரிடத்தில் கேட்டாள்.
ஏழு, என்றேன்.
'எவ்வளவு தரணும்?'
'இலவசம்.'
'காசு வாங்கியிருக்கலாம் நீங்க, இதுக்கு.'

குடையை மடக்கும் சத்தம்.
என் பேனாவும் அவளோடு போயிற்று.

நாள்குறிப்பில் எழுத வேண்டும்:
நேரில் வந்தவர் ஒருவர்.
வகை, விசாரணை.
தீர்ந்ததா?
பென்சிலைத் தேடி எடுத்து
ஆம் என்று எழுதினேன்.

போன் அடித்தது. லைன் இல்லையாம், கருங்கல்லில்.
பிளக்கைப் பற்றி நான் கேட்கவில்லை.
ஸ்பேனரை எடுத்துக்கொண்டு
மழையோடு மொட்டைமாடிக்கு ஏறினேன்.