முப்பத்து நாலு அங்குலம்

இஞ்ச் டேப்பை மூக்கருகே கொண்டுபோனால்
தின்கிற பொருளா என்று நக்கிப் பார்க்கிறது சுக்கு.
மூக்கிலிருந்து வால் முளைக்கும் இடம்வரை முப்பது.
நின்றால் காது நுனி இருபத்து மூன்று.
நாலு நாலு கூட்டிக்கொள் என்றேன்.
பட்டறையில் ஆரோக்கியம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"பள்ளத்தூர்லயே பெரிய வீட்டுல இருந்துக்கிட்டு
நாய்க்கு எதுக்கு சிஸ்டர் இத்தனூண்டு கூடு?"

எண்பது அறையில் என் வாடகைக்கு ஒன்றரை.
மிச்சத்தின் சாவிகள் கோலாலம்பூரில், அடையாற்றில்,
வழக்கு நடக்கும் தேவகோட்டை கோர்ட்டில்.
ராத்திரி முற்றத்தில் இறங்கும் காற்று
பூட்டிய கதவுகளை ஒவ்வொன்றாய் ஆட்டிப் பார்க்கும்.
ஒவ்வொன்றுக்கும் சுக்கு எழுந்து குரைக்கும்.
காக்க இவ்வளவு இருந்தால்
எந்த நாய் தூங்கும்?

குட்டியானையில் வந்து இறங்கியது கூடு.
பழைய துப்பட்டாவைக் கம்பிக்குக் கம்பி இழுத்துப் பார்த்தேன்.
மூன்று இடத்தில் இழை மாட்டியது.
மூன்றையும் அரத்தால் ராவி
மறுபடி இழுத்தேன்; வழுக்கிக்கொண்டு வந்தது.
ஆத்தங்குடிக் கல்லில் தகரத் தட்டு
ஒரு கால் வைத்தாலே கடகடக்கும்:
அடியில் அரிசிச் சாக்கு,
மேலே ஆஸ்பத்திரியில் கழித்த கம்பளி, இரண்டு மடிப்பு.
மூன்று பக்கம் போர்த்தி, காற்றுக்கு ஒன்றை விட்டேன்.
மூன்று மணி வெயில் எட்டாத சுவரோரம்.
கம்பியில் கொக்கி போட்டு மாட்டிய தண்ணீர்க் கிண்ணம்.

நாலு நாள்
கூட்டுக்கு வெளியே படுத்து
கூட்டையும் சேர்த்துக் காவல் காத்தது.

ஐந்தாம் நாள் நானே தலையை நுழைத்தேன்.
தோளுக்கு மேல் போகவில்லை.
உள்ளிருந்து பார்த்தால்
சிலிண்டரின் இடுப்பு, கட்டிலின் அடி,
ஆறு மாதமாய்த் தேடிய ஒற்றைச் செருப்பு.
ஒரு கதவுகூடத் தெரியவில்லை.
குதிகாலை யாரோ முகர்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அடுத்த தெருவில் யாருக்கோ சாந்தி,
பத்தாயிரம் வாலா.
வழுவழுத் தரையில் நகம் சறுக்கச் சறுக்க
வளவை நாலு முறை சுற்றி வந்து
சட்டென்று உள்ளே போய்ச் சுருண்டது.
கையை விட்டுக் கழுத்துப் பட்டையைக் கழற்றினேன்,
கம்பியில் சிக்கினால் இறுக்கிவிடும்.
பட்டைக்கு அடியில், எனக்கு முந்தியவர் கட்டிய
கயிற்றின் தடம்; அங்கே இன்னும் முடி முளைக்கவில்லை.

தாழ்ப்பாள்வரை போன கை திரும்பி வந்தது.
மூட இன்னொரு நாள் இருக்கிறது, மூடாமலும் இருக்கலாம்.

வெடி ஓய்ந்தது.
கம்பளிக்குள்ளிருந்து குறட்டை.
காற்று தன் வேலையைத் தொடங்கியது.
எழுந்து உட்கார்ந்து
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்:
பதினொன்று, பன்னிரண்டு,
மாடியில் ஒன்று.