எஸ் எழுத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

லீட்ஸ் நகரில், மீன் வறுக்கும் கடைக்கு மேல்மாடியில்
பள்ளிக்கூட அகராதி ஒன்று தயாராகிறது.
எஸ் எழுத்து ஹெஸ்தர் ஆப்பிள்யார்டின் மேசைக்கு வந்து
பதினோரு வாரம்.
அட்டைகளில் எண்ணெய் வாசம்.

இன்று அவள் பங்குக்கு: சாரி.

சின்னச் சொல்தானே என்றார்கள்.
சின்னச் சொற்கள்தாம்
மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிடும்.

பேருந்தில் காலை மிதித்தவன் சொல்வது.
மிதிபட்டவளும் சொல்வது;
இந்த ஊரில் அதுதான் முறை.
காதில் விழாவிட்டால், கடைசியில் கொஞ்சம் உயர்த்தி.
பால் தீர்ந்துபோனால் கடைக்காரர்.
இல்லை என்று சொல்லப்போகிறவர்
தொண்டையைச் செருமுவதற்குப் பதில்.
மழையில் ஊறிய சோபாவுக்கும்
ஆறு கோல் வாங்கிய அணிக்கும் முன்னால் நின்றால்
பரிதாபமான என்று பொருள்.

பிறகு, மருத்துவமனையில்
ஒருவர் கதவைச் சாத்திவிட்டு
உட்காருங்கள் என்ற பின் சொல்வது.
அந்த அட்டைக்கு எண் போடவில்லை அவள்.
தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தாள்.

பக்கத்து மேசை ஊவே பிரேமன்காரர்.
வேர் தோண்டுவதென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.
"சாரோவுக்கும் இதற்கும் உறவில்லை, தெரியுமா?
ஒரே தெருவில் இருந்து இருந்து முகம் ஒத்துப்போனது.
இது ஸார் என்ற சொல்லின் பிள்ளை.
ஸார் என்றால் புண், நோவு.
பழைய ஆங்கிலத்தில் ஸாரிக்: நோவு நிறைந்தவன்.
எங்கள் ஜெர்மனில் அதே வேர் ஸேர் ஆயிற்று.
இப்போது அதற்கு 'மிக' என்று மட்டும் பொருள்.
மிக நன்று, மிக்க நன்றி... நோவு எங்கே போனதென்று
யாரும் கேட்பதில்லை."

(நோவு குறிலாகி, ஆகாரம் தேய்ந்து
அவர்கள் வாயில் சுருங்கிவிட்ட சொல்லை
நாம் இன்னும் நெடிலில் எழுதுகிறோம்.
தற்செயல்தான். இருக்கட்டும்.)

ஆக, முதலில் அது மன்னிப்புக் கேட்கவே இல்லை.
யாரிடமும் எதையும் கேட்கவில்லை.
எனக்கு நோகிறது, அவ்வளவுதான்.

இரண்டேகாலுக்குக் கைபேசி அதிர்ந்தது.
நெவில். அண்ணன்.
வீட்டைக் கேட்காமல் விற்று, பியானோவையும் சேர்த்து விற்று,
இரண்டு வருடம் பேசாதிருந்தவன்.
ஒரே சொல். முற்றுப்புள்ளி வேறு.

எந்த எண்?
அட்டைகளை வரிசையாகப் பரப்பிப் பார்த்தாள்.
மிதித்தவனா, மிதிபட்டவனா,
பால் தீர்ந்த கடைக்காரனா?
ஊவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார், நல்ல மனிதர்.

அதே சொல்லை அடித்தாள்.
பின்னால் ஒரு கேள்விக்குறி.
எடுத்தாள். வைத்தாள். அனுப்பினாள்.

எழுந்தபோது முழங்கால் மேசையில் இடித்தது.
"சாரி" என்றாள், மேசையிடம்.

கீழே அடுத்த தட்டு மீன் எண்ணெயில் இறங்கும் சத்தம்.
உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்தபடி
முதல் பொருளை முதலில் எழுதினாள்:
*வலியுள்ள. வழக்கொழிந்தது.*

பிறகு இரண்டாவது சொல்லை மட்டும்
அடித்தாள்.