ஒன்பதாவது கேள்வி

தூய நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

பாடநூல் வழியே படித்த வகுப்பில்
முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர்
நூறு என்று எழுதினார்கள்.
என்னுடைய புதிய அணுகுமுறையில் படித்த வகுப்பில்
முப்பத்துமூன்று பேரில் பதினொருவர்.

அதாவது, மதிப்புக்குரிய குழுவினரே,
அடுப்பு மூட்டி, கெட்டில் ஏற்றி,
ஆறு வாரம் கண்ணால் பார்க்கச் சொன்னதில்
என் பிள்ளைகள் தோற்றுப்போனார்கள்.
அட்டவணை ஐந்து புள்ளி மூன்று.

எல் ஆல்தோ
கடல் மட்டத்துக்கு மேல் நாலாயிரத்து நூறு மீட்டர்.
அங்கே தண்ணீர் எண்பத்தேழில் கொதிக்கிறது.
முதலில் நானே நம்பவில்லை.
வெப்பமானி கெட்டுவிட்டதென்று
வியாழக்கிழமைச் சந்தையில் புதிதாய் மூன்று வாங்கினேன்.
மூன்றும் பேசிவைத்துக்கொண்டதுபோல்
எண்பத்தேழு.
நான்காவதுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கையில்தான்
வெட்கமாகிவிட்டது.
அதே ஊரில் பிறந்தவள் நான்.
அதே ஊர்ப் பள்ளியில் நூறு என்று எழுதி
நூறு வாங்கியவள்.

வகுப்பாசிரியர் செவேரோ யூஹ்ரா சொன்னார்:
"எண்பத்தேழைப் பார்க்கட்டும்.
தேர்வில் மட்டும் நூறு எழுதட்டும்."
கெட்ட மனிதரல்லர்.
அடுப்புக்குக் கைக்காசு போட்டவர் அவர்தான்.

பள்ளி வாசலில் கிழங்கு விற்கும் சத்தூர்னினா,
நேர்காணல் பதினான்கு, மூன்றாம் நிமிடம்:
"இங்கே தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும், டீச்சர்.
கிழங்குதான் வேகாது.
கொதிக்கிறது வேற, வேகறது வேற."
இதை எந்தக் கோட்பாட்டுச் சட்டகத்துக்குள் வைப்பது என்று
இன்னும் பிடிபடவில்லை.
பின்னிணைப்பில் வைத்திருக்கிறேன்.

நெறியாளர் காட்டிய வழி எளியது.
ஒன்பதாவதை எடுத்துவிடு,
நம்பகத்தன்மை குறைந்த வினா என்று ஒரு வரி போதும்.
எடுத்துப் பார்த்தேன், ஓர் இரவு,
கதவைச் சாத்திக்கொண்டு.
எண்களெல்லாம் உடனே நல்ல பிள்ளைகளாகிக்
கைகட்டி நின்றன.

திரும்பச் சேர்த்தேன்.
எவெலின் லாருத்தாவின் தாள்தான் காரணம்.
வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்:
87 எழுதி அழித்திருக்கிறாள்.
100 எழுதி அழித்திருக்கிறாள்.
ரப்பர் தேய்த்துத் தேய்த்து அந்த இடம்
வெங்காயச் சருகாய் மெலிந்திருக்கிறது.
அதன்மேல், கிழிந்துவிடாதபடி,
பென்சிலை அழுத்தாமல் எழுதியிருக்கிறாள்:
எந்த ஊரில்?

விடைக்குறிப்பின்படி அதற்குப் பூஜ்யம்.
நான்தான் போட்டேன். சிவப்பு மையில்.
நீங்கள் பார்க்கும் சராசரிக்குள்
அந்தப் பூஜ்யமும் உட்கார்ந்திருக்கிறது.

இன்று காலை கேபிள் காரில்
லா பாஸுக்கு இறங்கி வந்தேன், உங்கள் முன் நிற்க.
மேலே இறுக்கி மூடிய தண்ணீர் பாட்டில்
பாதி வழியில் டக்கென்று சொடுக்கியது.
விலா ஒடுங்கிவிட்டது.
எதிர் இருக்கையில் சீருடைப் பையன் ஒருவன்
அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.
விளக்கலாம் என்று வாயெடுத்தேன்.
ஆறு வாரத்தில் நான் கற்ற ஒன்று உண்டென்றால்
அது வாயை மூடிக்கொள்வது.
மூடிக்கொண்டேன்.
நிலையம் வந்ததும் பாட்டிலைக் கேட்டான்,
குடிக்க அல்ல.
கொடுத்துவிட்டேன்.

ஆகவே, தலைவர் அவர்களே,
முதல் கேள்வியை நீங்கள் கேட்கும் முன்
இங்கே குடிக்கக் கொஞ்சம்
தண்ணீர் கிடைக்குமா?