ஓரடி முன்னால்

என் தொழில் ஓரடி.
முன்னால் ஓரடி, வலக்கை மேலே.
அதற்கு வாரம் எட்டு பவுண்டு,
கோடையில் ஆறு.

சுரங்கத்தில் முதுகை மடித்து
அண்ணன் ஆர்னால்டு கொண்டுவருவது இரண்டரை.
"கையைத் தூக்குறதுக்கா எட்டு?" என்பான்.
எப்போது தூக்குவது என்பதற்கு, என்பேன்.

பந்து இன்னும்
கூட்டாளியின் காலில்தான் இருக்கும்.
ஓடப் போகிறவனின் தோளில்
குதிரைத் தோலில் ஈ உட்கார்ந்தது போல
சின்னதாய் ஒரு சிலிர்ப்பு.
அப்போது நகர்வேன்.
அவனுக்கும் கோட்டுக்கும் நடுவே
மூன்று பேர் வேண்டும் என்பது சட்டம்.
நான் நகர்ந்தால் இரண்டு பேர்.
விசில்.

வெளியூர் மைதானங்களில்
ஆரஞ்சுத் தோல் எறிந்தார்கள், கரித்துண்டு எறிந்தார்கள்.
ஒரு பாதிரியார்கூட என்னைக் கோழை என்றார்,
வேலிக்கு அந்தப்புறம் நின்று, தொப்பியைக் கழற்றாமல்.
மழையில் ஊறிய பந்தை
மற்றவர்கள் நெற்றியால் வாங்கித் தடுமாற,
நான் சட்டை காயாத சட்டைக்காரனாக
மூன்றாம் வகுப்புப் பெட்டியில் சீட்டாடிக்கொண்டு
கார்ஸ்டேல் திரும்புவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து, ஜூன்.
அன்னிஸ் மீன் வாங்கிவந்தாள்.
மீன் சுற்றிய காகிதத்தில் செதில் ஒட்டியிருந்த இடத்தில்
அந்தச் செய்தி:
மூன்று என்பது இனி இரண்டு.
அவ்வளவுதான்.
லண்டனில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்
ஒரு சொல்லை அடித்து ஒரு சொல்லை எழுதியிருக்கிறார்கள்.
மீன் நன்றாக இருந்தது.
இரண்டு துண்டு தின்றேன்.

ஆகஸ்டு கடைசிச் சனிக்கிழமை.
செருப்புத் தொழிற்சாலையில் இருந்து வந்த பையன்,
பத்தொன்பது வயது, காது இரண்டும் வெயிலில் சிவந்து.
தோள் சிலிர்த்தது. பார்த்தேன்.
நகர்ந்தேன். கையைத் தூக்கினேன்.

விசில் வரவில்லை.

டிராம் போனபின்னும் அதைக் கைகாட்டி நிறுத்துகிறவனைப் போல
நின்றேன்.
பின்னால் வலை குலுங்கிய சத்தம்.
அன்று ஆறு கோல்.
கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம்.
எங்கள் ஊர்க்காரர்களும்தான்.
உண்மையைச் சொன்னால்
ஆட்டம் அழகாகிவிட்டது.
இதை அன்னிஸிடம்கூடச் சொன்னதில்லை.

பிறகு நடுவில் புதிதாக ஒரு நெட்டையனை நிறுத்தி
என்னை ஓரத்துக்கு அனுப்பினார்கள்.
ஓரத்தில் ஓட வேண்டும்.
எனக்கு முப்பத்து மூன்று வயது,
அதுவரை ஓடியதில்லை.

மே மாதம் கடிதம்.
தட்டச்சு, கீழே செயலாளர் திரு. துவைட்ஸின் கையெழுத்து,
என் பெயரில் ஓர் எழுத்து குறைவு.
ஐந்நூறு பவுண்டு தருகிற கிளப்புக்கு
என்னைக் கொடுப்பார்களாம்.
யாரும் தரவில்லை.
தராதவரை வேறெங்கும் ஆடக் கூடாது,
இங்கே சம்பளமும் கிடையாது.
ஐந்தாண்டு முடித்தவனுக்கு
ஓர் ஆட்டத்தின் வசூலைத் தருவது வழக்கம்.
நான் முடித்தது நான்கே முக்கால்.
கணக்கில் அவர்கள் எப்போதும் கெட்டி.

அன்னிஸ் மறுபடி நூற்பாலைக்குப் போனாள்.
நான் கேஸ் தொழிற்சாலையில் கரி அள்ளினேன்,
முதல் வாரம் உள்ளங்கை கொப்பளித்தபோது
ஆர்னால்டு பன்றிக்கொழுப்பு கொண்டுவந்தான்.
எட்டு பவுண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான்
சிகரெட் அட்டையில் என் படம் வந்தது.
எந்த ஊரிலும் நாங்கள் போடாத பச்சைச் சட்டை,
ஈனாக் ப்ரியர்லி, நம்பகமான தடுப்பாட்டக்காரர்.
கரி அள்ளும் பையன் ஒருவன்
தன்னிடம் அது இரண்டு இருக்கிறது என்று
ஒன்றை எனக்குத் தரப் பார்த்தான்,
பதிலுக்கு யாராவது கோல்கீப்பர் இருந்தால்.

இப்போதும் போகிறேன்,
ஒரு ஷில்லிங் கொடுத்து, கோலுக்குப் பின்னால்.
யாரும் அடையாளம் காண்பதில்லை,
தொப்பியும் கரியும் எல்லோருக்கும் ஒன்றுதான்.
பந்து நடுவில் இருக்கும்.
எங்கோ ஒரு தோள் சிலிர்க்கும்,
பதினையாயிரம் பேரில்
வேறு யாராவது அதைப் பார்க்கிறார்களா தெரியாது.
என் இடது கால் முன்னால் போய்
முன்னே நிற்பவரின் குதிகாலை மிதித்துவிடும்.

மன்னிக்கணும், என்பேன்.
போன வாரம் ஒருவர் திரும்பிப் பார்த்து,
"இடம் இருக்கே, எதுக்கு நெருக்குறீங்க?" என்றார்.