பக்க விளைவு

படத்தில் காட்டினார் டாக்டர் ரைசனென்:
நலமான மூளையில்
இரண்டு காற்புள்ளிகள் ஒளிரும்,
இன்னும் சொல்ல இருக்கிறது என்பதுபோல.
தைஸ்தோவுக்கு வால் உதிர்ந்து
இரண்டு முற்றுப்புள்ளிகள்.

மாத்திரை தந்தார்.
மூன்று வாரத்தில்
காபிக் கோப்பை தட்டில் தாளம் போடுவதை நிறுத்தியது.
அடுத்த மாதம் வந்திறங்கியது
முதல் படகு எஞ்சின்.

நாற்பது வருடம் ஹைலுவோத்தோ தீவுக்குப் படகு ஓட்டியவர்,
ஒரு சட்டை வாங்க
இரண்டு குளிர்காலம் யோசிப்பவர்,
ஏலத்தில் ஏழு எஞ்சின் எடுத்தார்.
வைக்க இடமில்லை.
ஜூன் முழுக்க எங்கள் சௌனாவின் பலகைகளில்
அவைதான் உட்கார்ந்திருந்தன,
வியர்க்காமல், வெட்கமில்லாமல்.

இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன்.
கடன் அட்டைக் கணக்கையும் நீட்டினேன்.

சொல்லாதது:
இருட்டாத ஓர் இரவு, மணி மூன்று,
என் பின்னலை அவிழ்த்தார்.
எழுபத்தொரு வயதுப் பின்னல், எலிவால்.
"இர்யா" என்றார்,
அன்றுதான் யாரோ
பெயர் சொல்லிக் கொடுத்ததுபோல.

அஞ்சலகத்தில் முப்பது வருடம்
கடிதம் பிரித்துப் போட்டவள் நான்.
எது யாருக்கு என்று
தொட்டதும் கைக்குத் தெரியும்.
இது எனக்கு வந்ததுதான்.

"அது அவர் இல்லை, மருந்து" என்றார் டாக்டர்.
வேண்டும் என்பதற்கு ஒரு நரம்பாம்,
பிடிக்கும் என்பதற்கு வேறொன்றாம்.
தலையாட்டினேன்.
பேருந்தில்தான் கேட்கத் தோன்றியது:
எழுபத்து நான்கில், அக்டோபர் மழையில்,
நான் ஓடி வருவது தெரிந்து
படகை இருபது நிமிடம் பிடித்து வைத்தாரே,
பின்னால் லாரிகள் கத்தக் கத்த,
அதற்கு
யார் எழுதிக் கொடுத்த சீட்டு?

அளவைப் பாதியாக்கினார்கள்.
ஐந்து எஞ்சின் விற்றோம்.
இரண்டை யாரும் கேட்கவில்லை.
கோப்பை மறுபடி தாளம் போடுகிறது.
பின்னல் காலைவரை
கலையாமல் கிடக்கிறது.

ரொட்டிக் கத்தியால் மாத்திரையை நறுக்குவது நான்.
ஒரு பாதி அவர் நாக்கில்.
மறு பாதியைக் குப்பையில் போடச் சொன்னாள் நர்ஸ்.
சர்க்கரை ஜாடியில் போட்டு வைக்கிறேன்.
கொடுக்கமாட்டேன். கொடுத்ததில்லை.
அவர் தூங்கியபின்
மேசையில் கொட்டி எண்ணுவேன், அவ்வளவுதான்.

எனக்கு யாரும் எந்த மருந்தும் தரவில்லை.
என் மண்டைக்குள் படமெடுத்தால்
இன்னும் வால் இருக்கும் போல.

பதினேழு, பதினெட்டு,
பத்தொன்பது,