காரணம்: விலங்கு

படிவத்தில் மூன்று பெட்டிகள்தான்:
மோதல், களவு, மற்றவை.
மற்றவையில் ‘விலங்கு’ என்று எழுதிவிட்டுப்
பேனாவை மூட மனமில்லாமல் நிற்கிறேன்,
கோட்டை வாசலுக்கு எதிரே, பகல் பதினொரு மணி,
நீலக் கார் ஒன்றின் இடப்பக்கக் கதவின் முன்.

கதவில் என் முகம் தெரிகிறது.
மீசையில் நரை எத்தனை என்று எண்ணலாம்.
அவ்வளவு பளபளப்பு.
அதுதான் பிரச்சினையே.

பழக்கடைக் கமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது.
காலை ஆறு இருபது. ஆள் நடமாட்டமில்லை.
பப்பாசித் தோல் தின்றுகொண்டிருந்த
புள்ளிக் கலைமான் நிமிர்ந்தது.
கதவுக்குள் இன்னொரு கலைமான் நிமிர்ந்தது.
இது தலை தாழ்த்தியது. அதுவும் தாழ்த்தியது.
இது ஓரடி பின்வாங்கியது. அதுவும்.
யார்தான் பொறுப்பார்?
நான்கு தரம் முட்டியபின்
வென்றோம் என்ற நினைப்போ, அலுப்போ,
கடலைப் பார்த்து நடந்துபோனது.

உரிமையாளர் வதனரூபி,
உவர்மலையில் பல் வைத்தியரின் உதவியாளர்.
லீசிங் இன்னும் முப்பத்தெட்டுத் தவணை.
இந்த ஊர் உப்புக்காற்று
இரும்பைப் பிஸ்கட்டாக்கும் என்று பயந்து
சீட்டெடுத்த காசில் செரமிக் கோட்டிங் போட்டவர்.
தொண்ணூற்றையாயிரம்.
உப்புவெளி அஜ்வத் கராஜின் பற்றுச்சீட்டு,
மடிப்பில் எண்ணெய்க் கறையுடன்.

கொழும்பிலிருந்து தொலைபேசி:
பெயின்டுக்குக் கொடுக்கலாம். நெளிவுக்குக் கொடுக்கலாம்.
கோட்டிங் காரோடு வந்ததல்ல, பிறகு போட்டது,
அறிவிக்கவுமில்லை.
படத்தில் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லையே.

அவரிடம் கொஞ்சம் மெதுவாக்கிச் சொன்னேன்.
“தெரியாமல் இருக்கிறதுக்குத்தானே அண்ணை
அவ்வளவு காசு” என்றார்.
பிறகு, “பல்லில எனாமல் போச்சுதெண்டா
பல்லு இருக்குத்தானே எண்டு சொல்லி அனுப்புறமோ?”
பிறகு, “அறிவிக்கோணும் எண்டு
எனக்கு ஆர் அறிவிச்சது?”

பிரிவு ஏழு, உபபிரிவு இ,
எறும்பு ஊர்ந்த எழுத்தில் இருக்கிறது.
நான் சொல்லவில்லை.
போலிசி விற்ற நாளில் பேனா நீட்டி
‘இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்டு’ என்றது
என் மைத்துனன்.

குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரைக்
கதவில் ஊற்றினேன்.
நல்ல இடமெல்லாம் மணிமணியாய்
உருண்டு ஓடிற்று, யாரோ துரத்தியதுபோல.
கொம்பு இழுத்த கோடுகளில் மட்டும் நின்றது,
பரவியது, போக்கிடமில்லாததுபோல் கிடந்தது.
பூச்சு இருந்த இடம் தெரியவில்லை.
இல்லாத இடம் நனைந்து தெரிந்தது.
பதினான்கு படம் எடுத்தேன்.

அவர் குனிந்து விரல் நுனியால்
அந்த ஈரத்தைத் தொட்டார்,
வாய் திறந்து கிடப்பவர்
வலிக்கிறது என்று சொல்ல முடியாதபோது
தொட்டுக் கேட்பதைப்போல.

அறிக்கையில் எழுதினேன்:
பூச்சு இருந்தது. இப்போது இல்லை.
பரிந்துரை: முழுத்தொகை.
மூன்று கிழமை கழித்து
‘நல்லெண்ண அடிப்படையில்’ இருபதாயிரம் வந்தது.
நல்லெண்ணத்துக்கு என்ன கணக்கென்று
அவர் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.
கதவுக்கு மட்டும் புதுப்பூச்சு
பிடிக்காது என்று அஜ்வத் சொன்னாராம்,
நிறம் வேறாய்த் தெரியுமாம்.

போன வியாழன் டொக்யார்ட் வீதியில்,
தேநீர்க்கடை முன்னால் மோட்டார் சைக்கிளை
நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தேன்.
பக்கக் கண்ணாடிக்குள் ஒன்று வந்து நின்றது.
கொம்பு நுனியில் நீலம்,
நகக்கீறல் அளவு.
வலக்கொம்பா இடக்கொம்பா,
கண்ணாடியில் சொல்ல முடியவில்லை.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
கை நீட்டி, முதலில் ஒன்றை, பிறகு மற்றதை,
மெதுவாக
நிலம் பார்க்க மடக்கினேன்.